அம்பின் சொல்லும் மனுவின் சொல்லும்

இராயபுரக் கடற்கரையில் நின்று கிழக்கே நோக்கினால் கண்ணுக்குத் தெரிவது நீர் ஒன்றே. அந்நீர்ப் பரப்பில் ஏறத்தாழ 1200 கிலோமீட்டர் சென்றால் அந்தமான் தீவுகள் வரும். சென்னைத் துறைமுகத்தினின்று புறப்படும் பயணியர் கப்பல் மூன்று நாள் அளவில் போர்ட் பிளேரை அடைகின்றது. 2024ஆம் ஆண்டு முதல் அந்நகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம். பிழைப்புத் தேடி அக்கப்பலில் ஏறிய உறவினரை வழியனுப்பிய குடும்பங்கள் நம் வடசென்னையில் பல உண்டு. அந்நகருக்கு மேற்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் வட சென்டினல் என்னும் சிறு தீவு கிடக்கின்றது. அதன் பரப்பு 60 சதுர கிலோமீட்டர் அளவே. எக்கப்பலும் அங்கு அணைவதில்லை. நம் நாட்டின் எல்லைக்குள் இருக்கும் அத்தீவில் நம் நாட்டார் காலடி வைத்தல் கூடாது என்று நம் நாட்டுச் சட்டமே தடுத்து நிற்கின்றது.

இச்செய்தி தமிழ் வகுப்பறைக்குள் எவ்வாறு நுழைந்தது என்பதை முதற்கண் கூறிவிடுதல் நன்று. மணிமேகலையில் ஆதிரை பிச்சையிட்ட காதையை நாம் நடத்திக்கொண்டிருந்தோம். கலம் உடைந்து கடலில் வீழ்ந்த சாதுவன், ஆடையின்றி வாழும் நாகர் மலையில் ஒதுங்குகின்றான். அவனை உண்ணுதற்கு வந்தவர்கள், அவன் தங்கள் மொழியில் பேசக் கேட்டு வியந்து, தங்கள் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றார்கள். இக்கதைக்கு ஒப்புமையாக, இக்கால அறிவியல் புனைகதைகளில் வரும் ஒரு விதியை நாம் எடுத்துரைத்தோம். வளர்ச்சியில் பின்தங்கிய வேற்றுக்கோள் மாந்தரின் வாழ்வில் விண்கலத்தார் தலையிடுதல் கூடாது என்பதே அவ்விதி. அதன் நடைமுறைச் சான்றாக வட சென்டினல் தீவையும் குறிப்பிட்டோம்.

எண்ணூர் முகத்துவாரத்தை அடுத்த மீனவர் குப்பத்தினின்று வரும் மாணவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, கதையில் வரும் வேற்றுக்கோளுக்கு விதி இருக்கிறது. கடலுக்கு அப்பால் உள்ள தீவுக்குச் சட்டம் இருக்கிறது. எங்கள் ஆற்றுக்கு மட்டும் ஏன் ஒன்றும் இல்லை?" என்று கேட்டு அமர்ந்தார். அன்று நம்மிடம் விடை இல்லை. இக்கட்டுரை அவ்விடையைத் தேடும் முயற்சியேயாகும்.

கதையில் ஒரு விதி

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966ஆம் ஆண்டு தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' என்னும் தொடரே இவ்விதிக்கு உலகப் புகழ் தந்தது. 1967இல் ஒளிபரப்பான பகுதி ஒன்றில் 'முதன்மை ஆணை' என்னும் பெயரில் இது முதன்முதலாகப் பேசப்பட்டது. தாம் கண்டறியும் கோளின் மக்கள் தம் போக்கில் வளர்வதற்குக் கலத்தலைவர் இடையூறு செய்தல் கூடாது. தம் கலத்தையும் உயிரையும் இழக்க நேரினும் கூடாது. வியட்நாம் மண்ணில் அமெரிக்கப் படை போர் புரிந்துகொண்டிருந்த ஆண்டுகளில் இத்தொடர் எழுந்தது என்பது ஈண்டு எண்ணத்தக்கது. அவ்விதியைத் தொடரின் தலைவரே பலமுறை மீறுகின்றார் என்பதும் உண்டு.

எனினும், இச்சிந்தனை அத்தொடருக்கு முற்பட்டது. எச். ஜி. வெல்சு 1898இல் நூல்வடிவில் வெளியிட்ட 'உலகங்களின் போர்' புதினத்தில், செவ்வாய்க்கோளார் இங்கிலாந்தின் மீது படையெடுக்கின்றனர். அவர்தம் கொடுமையைப் பழிக்குமுன், தாசுமேனியத் தொல்குடிகளுக்கு ஐரோப்பியர் இழைத்ததை எண்ணிப் பார்க்குமாறு வெல்சு தம் நாட்டாரையே கேட்கின்றார். சோவியத் நாட்டின் சுத்ருகாட்சுகி உடன்பிறப்பினர் 1964இல் எழுதிய 'கடவுளாய் இருத்தல் கடினம்' இதன் மறுபுறத்தைக் காட்டுவது. இடைக்கால இருளில் உழலும் ஒரு கோளில் மண்ணுலகப் பார்வையாளன் ஒருவன் மறைந்து வாழ்கின்றான். அறிஞர்கள் கொல்லப்படுவதைக் கண்டும் கைகட்டி நிற்குமாறு அவனுக்கு ஆணை. இறுதியில் பொறுக்க இயலாது அவன் வாளேந்துகின்றான். தலையிட்டால் கேடு, தலையிடாவிடினும் கேடு என்னும் இருதலைக்கொள்ளி நிலையே இவ்வகைக் கதைகளின் உயிர்நிலை.

'ஸ்டார் டிரெக்'கின் பிற்காலத் தொடர் ஒன்றில், 1994இல் வெளியான ஒரு பகுதி இவ்விதியையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. கோள் ஒன்றின் காற்று மண்டலம் அழிகின்றது. அம்மக்கள் அனைவரும் மாயப்போகின்றனர். காப்பாற்றும் ஆற்றல் இருந்தும், விதியைக் காட்டிக் கலத்தார் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். ஒருவன் மட்டும் விதியை மீறி ஓர் ஊராரை மறைவாகக் காக்கின்றான். பட்டினியால் சாகும் அண்டை வீட்டாரைக் கண்டும் 'பிறர் குடும்பத்தில் நாம் தலையிடுவதில்லை' என்று கதவைச் சாத்திக்கொள்பவரின் ஒழுக்கத்திற்கும் இதற்கும் வேற்றுமை உண்டோ?

விதி பிறப்பதற்கு முன்

கதையில் விதி எழுதுதல் எளிது. அந்தமானில் அவ்விதி பிணங்களின் மீது எழுதப்பட்டது. 1858இல் ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் கைதிகளின் குடியேற்றத்தை நிறுவினர். அக்காலத்தே பெரிய அந்தமானியர் எனப்படும் பத்துக் குலத்தாரும் சேர்ந்து ஐயாயிரம் பேர் அளவில் இருந்திருக்கலாம் என்பது கணிப்பு. அவர்களை நாகரிகப்படுத்துவதற்கென 'அந்தமான் இல்லங்கள்' தோற்றுவிக்கப்பட்டன. அடைக்கலம் என்று பெயர் பெற்ற அவ்வில்லங்களே நோய்க்கூடங்கள் ஆயின. 1877இல் தட்டம்மை பரவிப் பலரைக் கொன்றது. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எஞ்சியோர் 625 பேர். 1961இல் வெறும் 19 பேர். போ என்னும் மொழியைப் பேசிய கடைசி மூதாட்டியான போவா, 2010 சனவரியில் மறைந்தார். அவரோடு அம்மொழியும் மறைந்தது. மொழியைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இதனினும் பெரிய இழவுச் செய்தி யாதுளது?

வெல்சின் கதையில் படையெடுத்து வந்தவர்கள் மண்ணுலகின் கிருமிகளால் மடிகின்றனர். அந்தமானில் நடந்தது அதன் தலைகீழ். வந்தவர்கள் கொணர்ந்த கிருமியால் வரவேற்றவர்கள் மடிந்தனர்.

வட சென்டினல் தீவின் கதையும் இத்தகையதே. 1880இல் போர்ட்மன் என்னும் ஆங்கில அதிகாரி அங்கிருந்து முதியோர் இருவரையும் சிறுவர் நால்வரையும் பிடித்துப் போர்ட் பிளேருக்குக் கொணர்ந்தார். முதியோர் இருவரும் நோயுற்று இறந்தனர். சிறுவர் நால்வரும் பரிசுப்பொருள்களுடன் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களோடு எந்நோய் தீவுக்குள் சென்றதோ, யார் அறிவார்? அதன்பின் அத்தீவார் அயலாரைக் கண்டால் அம்பு தொடுப்பதை 'காட்டுமிராண்டித்தனம்' என்று எழுதுவோர், இவ்வரலாற்றை ஒருமுறை படித்தல் வேண்டும்.

விடுதலைக்குப் பின் நம் அரசு 1956இல் அந்தமான் நிக்கோபார்த் தொல்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறையைப் பிறப்பித்தது. 1967 முதல் மானிடவியலார் டி. என். பண்டிட் முதலியோர் தேங்காய் முதலான பரிசுகளுடன் வட சென்டினலுக்குச் சென்று வந்தனர். 1991 சனவரியில் மதுமாலா சட்டோபாத்யாய் என்னும் பெண் மானிடவியலார் இடம்பெற்ற குழுவினரிடம் அத்தீவார் நீரில் இறங்கி வந்து தேங்காய்களைப் பெற்றுக்கொண்டனர். வரலாற்றில் இடம்பெற்ற அந்நாளுக்குப் பின்னும், 1990களின் நடுப்பகுதியில் அரசு அப்பரிசுப் பயணங்களை நிறுத்திக்கொண்டது. வென்ற முயற்சியைத் தானே கைவிடும் அரசு உலகில் அரிது. நம் அரசின் செயல்களுள் நாம் மனமாரப் போற்றத்தக்கது இது.

அவ்வாறு நிறுத்தியது சரியென்பதற்கு அருகிலேயே சான்று உண்டு. சாரவர் என்னும் குலத்தாரின் காட்டை ஊடறுத்து அந்தமான் நெடுஞ்சாலை போடப்பட்டது. 1997க்குப் பின் அவர்கள் வில்லின்றி வெளியே வரத் தொடங்கினர். 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. அச்சாலையின் காட்டுப் பகுதிகளை மூடுமாறு 2002இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டும் ஊர்திகள் ஓடின. உணவுக்காகச் சாரவப் பெண்களைச் சுற்றுலாப் பயணியர்முன் ஆடச் செய்த காணொளி 2012இல் வெளிவந்து நம்மைத் தலைகுனிய வைத்தது.

எது முன்னேற்றம்?

இவ்விதியை ஏற்பதனால், அதன் சொற்களையும் ஏற்றாக வேண்டுமோ? 'பின்தங்கிய நாகரிகம்' என்கின்றது புனைகதை. எந்த அளவுகோலால் பின்தங்கியது? 'ஸ்டார் டிரெக்'கில் ஒளியை விஞ்சிப் பறக்கும் கலம் செய்துவிட்டால் ஒரு கோள் 'முன்னேறியது' ஆகிவிடும். எந்திரத்தின் வேகமே நாகரிகத்தின் அளவு என்பது இதன் பொருள்.

2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தது. தமிழகக் கரையில் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் மாண்டனர். நம் வடசென்னைக் குப்பங்களும் அழுதன. வானொலியும் தொலைபேசியும் செயற்கைக்கோளும் இருந்தும் நமக்கு எச்சரிக்கை வரவில்லை. அலை ஓய்ந்தபின் வட சென்டினலார் உயிரோடிருக்கின்றனரா என்று காண ஒரு ஹெலிகாப்டர் அனுப்பப்பட்டது. கரையில் நின்ற ஒருவர் அதனை நோக்கி வில்லை வளைத்தார். அப்படம் உலகெங்கும் பரவியது. 'நாங்கள் இருக்கின்றோம், நீங்கள் போகலாம்' என்பதே அவ்வில்லின் மொழி. ஹெலிகாப்டர் திரும்பிவிட்டது. நலமா என்று பார்த்தல், வேண்டா என்று சொன்னால் திரும்புதல்: 1994இல் அத்தொடரார் விடுவிக்க இயலாத சிக்கலுக்கு இவ்விரண்டு செயல்களில் விடை இருக்கின்றது. கைவிடுதலும் இன்றி, கைவைத்தலும் இன்றி நிற்கும் நிலை அது.

இங்கு அறிஞர் இருவரின் வழக்கை நினைவுகூர்தல் பொருந்தும். வெரியர் எல்வின் 1939இல், பைகா என்னும் பழங்குடியினர்க்குத் தனிப் பாதுகாப்புப் பகுதி ஒன்று வேண்டும் என்று எழுதினார். மக்களை அருங்காட்சியகப் பொருளாக்குவதா என்று அதனைக் கண்டித்தோர் பலர். சமூகவியலார் குர்யே 1943இல், பழங்குடியினர் பிற மக்களோடு கலக்க வேண்டியவர்களே என்று வாதிட்டார். தனிமைப்படுத்துக என்றார் ஒருவர். இணைத்திடுக என்றார் மற்றவர். இருவரும் கேளாத வினா ஒன்றுண்டு: அம்மக்களின் விருப்பம் யாது?

சாதுவன் காட்டிய நெறி

ஈண்டு நம் சாதுவனிடம் திரும்புவோம். நாகர் தலைவன் கள்ளும் ஊனும் தந்து விருந்தோம்ப முற்படுகின்றான். சாதுவன் மறுத்து அறம் உரைக்கின்றான். நகைத்த தலைவன், இறுதியில், தங்கள் வாழ்வுக்கு இயலும் அறம் யாதோ அதனைச் சொல்லுமாறு கேட்கின்றான். சாதுவன் முழுத் துறவை அவர்கள்மீது சுமத்தவில்லை. கலம் உடைந்து கரையொதுங்குவோரைக் கொல்லாதீர். மூத்து மடியும் விலங்கினையன்றிப் பிற உயிரைக் கொல்லாதீர் என்ற அளவோடு நிற்கின்றான்.

இதில் மூன்று செய்திகள் உள. அவன் அவர்கள் மொழியை அறிந்திருந்தான். அவர்கள் கேட்ட பின்னரே அவர்களுக்கான நெறியை வகுத்தான். அவர்கள் வாழ்வின் அளவறிந்து சொன்னான். அவனும் அவர்களைத் தன்னினும் தாழ்ந்தவர்களாகவே கருதினான்; அக்குறையை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும், 'தலையிடலாமா, ஆகாதா' என்று மட்டும் வினவும் மேனாட்டுக் கதைகளைவிட, 'எவ்வாறு அணுகுவது' என்று காட்டும் நம் காப்பியம் ஒருபடி மேற்சென்றுள்ளது என்பது நம் துணிபு. திண்ணையில் நின்று குரல் கொடுத்து, உள்ளிருந்து விடை வந்தபின் வாயிற்படி ஏறுவது நம் பாட்டன்மார் வழக்கம். அவ்வழக்கமே விண்வெளிக்கும் போதுமானது.

எண்ணூரில் நின்று பார்த்தால்

இனி அம்மாணவரின் வினாவுக்கு வருவோம். எண்ணூர் மீனவர் சென்டினலார் அல்லர். அவர்கள் வாக்காளர், பள்ளி கேட்பவர், மின்விளக்கு கேட்பவர், பிள்ளைகளுக்கு வேலை கேட்பவர். 'எங்களை விட்டுவிடுங்கள்' என்பது அவர்கள் கோரிக்கையன்று. 'எங்களைக் கேட்டுச் செய்யுங்கள்' என்பதே அவர்கள் கோரிக்கை.

கேளாமல் செய்ததன் வரலாறு நம் கரையில் நெடிது. 1870களில் சென்னைத் துறைமுகத்திற்கு அலைதடுப்புச் சுவர்கள் எழத் தொடங்கின. நம் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. சுவர் அதனைத் தடுத்தது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் நிலத்தைத் தின்றது. மெரினாவில் காற்று வாங்கும் நகரத்தாரின் மணல், வடசென்னை மீனவர் இழந்த மணலே. ஓரிடத்தில் கைவைத்தால் வேறோரிடத்தில் விளைவு தோன்றும் என்று கதாசிரியர்கள் வேற்றுக்கோளில் காட்டியதைக் கடல் நம் தெருவிலேயே காட்டிவிட்டது.

அதன்பின் எண்ணூரில் 1970இல் அனல்மின் நிலையம் வந்தது; அது 2017இல் மூடப்பட்டது. 1994இல் வடசென்னை அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. 2014 முதல் அதற்குக் காமராசர் துறைமுகம் என்று பெயர். கொசத்தலை ஆற்றில் சாம்பல் படிந்தது. 2017 சனவரியில் கப்பல்கள் இரண்டு மோதி எண்ணெய் கரையெங்கும் பரவியது. 2023 திசம்பர் வெள்ளத்தில் மீண்டும் எண்ணெய் கழிமுகத்தை மூடியது. நீரில் அமர்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்க்கும் மீனவப் பெண்டிர்க்கும் அந்நீரே அடுப்பு, அந்நீரே உலை.

இம்மக்களைப் 'பின்தங்கியோர்' என்று குறிப்பவர், பழவேற்காட்டு ஏரி முதலிய கழிநீர்ப் பகுதிகளில் வழங்கும் 'பாடு' முறையை அறிதல் வேண்டும். எந்நாளில் யார் எவ்விடத்தில் வலை இடுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. வல்லான் வகுத்ததே வாய்க்கால் ஆகாமல், நீரையும் மீனையும் பங்கிட்டுக்கொள்ள ஒரு சமூகம் கண்ட வழி. எந்திரத்தின் வேகத்தை அளக்கும் கோலால் இதனை அளக்க இயலுமா?

நாம் ஒருதலையாகப் பேசவில்லை. நம் வகுப்பறையின் மின்விசிறி சுழல்வது அந்நிலையங்களின் மின்சாரத்தால். நம் மாணவர் பலரின் கல்விக் கட்டணம் துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைக்கும் தந்தையரின் வியர்வையால் வருவது. ஆலை வேண்டா என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. எவ்விடத்தில், எவ்வளவு, எவர் இசைவோடு என்று கேட்கும் கடமை மட்டும் நமக்குண்டு.

இசைவு கேட்டலால் நாடு நின்றுவிடாது. 2013இல் உச்சநீதிமன்ற ஆணைப்படி, ஒடிசாவின் நியம்கிரி மலையில் சுரங்கம் தோண்டலாமா என்று பன்னிரண்டு ஊர்களின் கிராம சபைகள் கேட்கப்பட்டன. பன்னிரண்டும் மறுத்தன, மலை நின்றது. ஆனால் பெரிய நிக்கோபாரில், சோம்பென் என்னும் தொல்குடியினர் வாழும் தீவில், துறைமுகமும் நகரமும் அமைக்க 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. 130 சதுர கிலோமீட்டர் காடு அதற்கென ஒதுக்கப்பட்டது. அதே மாதத்தில் அங்குள்ள பழங்குடியினர் மன்றம் தான் முன்பு அளித்த இசைவைத் திரும்பப் பெற்றது. மீண்டும் ஒரு துறைமுகம். மீண்டும் ஒரு கரை. எண்ணூர் கற்பித்த பாடத்தை நாம் அக்கப்பலில் ஏற்றி அனுப்பியிருக்கலாம்.

தமிழ்த்துறையின் கடன்

சென்டினலார் 'வேண்டா' என்பதை அம்பால் சொல்கின்றனர், நாடு தலைவணங்குகின்றது. எண்ணூரார் 'இது வேண்டா, இவ்வாறு செய்க' என்பதை மனுவால் சொல்கின்றனர். மனு கோப்பில் உறங்குகின்றது. வில் வளைத்தவர் சொல்லுக்கு உள்ள மதிப்பு, வரிசையில் நின்று மனு அளித்தவர் சொல்லுக்கு இல்லை எனின், நாகரிகத்தின் வழியை நாமே பழித்தவர்கள் ஆவோம்.

2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, பெருந்திட்டங்கள் பலவற்றிற்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பைக் கட்டாயமாக்கியுள்ளது. ஆயின் அது கேட்பே. இசைவு பெறுதல் அன்று. மேலும், மக்கள் மொழியில் தரப்படுவது சுருக்கம் மட்டுமே. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கின்றது. தம் ஆற்றைப் பற்றித் தம் ஊரில் நடக்கும் கூட்டத்தில், தம்மால் படிக்கவியலாத நூலைப் பற்றி மீனவர் கருத்துரைக்க வேண்டியுள்ளது. சாதுவன் நாகர் மொழி கற்றிருந்தான். நம் அறிக்கையாளர் நெய்தல் நில மக்களின் மொழியில் எழுதுவதில்லை. 2020இல் அவ்வறிவிக்கைக்கு மாற்றாக ஒரு வரைவு வந்தபோது, அதனை எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் பெயர்க்குமாறு தில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. நீதிமன்றம் கண்ட தேவையைத் தமிழ்த்துறைகள் காணாதிருத்தல் அழகோ?

ஆதலின் நம் கருத்து இதுவாகும். வட சென்டினலுக்கான காப்பு ஓர் இழையும் தளர்தல் கூடாது. பெருந்திட்டம் வரும் எக்கரையிலும் கேட்பு, இசைவாக வளர்தல் வேண்டும். முழு அறிக்கையும் தமிழில் வருதல் வேண்டும். அது வரும் வரை, வடசென்னையில் வைக்கப்படும் ஒவ்வோர் அறிக்கையையும் வேதியியல், விலங்கியல் துறையினரோடு அமர்ந்து தமிழாக்கும் பணியை நம் துறை மாணவரைக் கொண்டு நாமே தொடங்கலாம். கலைச்சொல்லாக்கம் பற்றிப் பல கருத்தரங்குகளில் பேசியாயிற்று. அச்சொற்களை எதிர்நோக்கி எண்ணூரில் மக்கள் காத்திருக்கின்றனர்.

அன்று விடையின்றி நின்ற நாம் இன்று அம்மாணவர்க்குச் சொல்வது இது: தம்பி, உங்கள் ஆற்றுக்கு விதி இல்லாமைக்குக் காரணம், அவ்விதியை எழுதவேண்டியவர்கள் உங்கள் மொழியில் உங்களைக் கேளாமையே. வரும் பருவத்தில் முதல் அறிக்கையை எடுத்துக்கொண்டு வருக. முதற்பக்கத்தை நாம் உடனிருந்து பெயர்ப்போம்.